எடைக்கல் முதலில், தராசு பிறகு

ஜெர்மனியில் செய்து, அங்கேயே 100 கிராம் எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்த ஒரு மின்னணுத் தராசை அப்படியே காரைக்குடிக்குக் கொண்டுவந்து, செக்காலையில் ஒரு மேசைமேல் வைக்கிறோம் என்று கொள்வோம். அதே 100 கிராம் கல்லைத் தட்டில் வைத்தால் 99.69 என்ற அளவில் எண் நிற்கும். தராசு பழுதாகவில்லை, கல்லும் தேயவில்லை. பூமி கல்லை இழுக்கும் விசை வழியில் குறைந்துவிட்டது.

பூமி சுழல்வதாலும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதாலும் ஈர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறது. நிலநடுக்கோட்டில் நொடிக்கு நொடி 9.780 மீட்டர், துருவத்தில் 9.832. ஏறத்தாழ 10 பாகை வடக்கே இருக்கும் காரைக்குடியில் 9.782. டெல்லியில் 9.79-ஐத் தாண்டும். டெல்லிக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் டெல்லியில் சரிபார்த்த தராசில் இங்கே ஒரு பவுனை நிறுத்தால் 8 மில்லிகிராம் குறைந்து தெரியும். 100 பவுனில் அது 800 மில்லிகிராம். ஒரு கிராம் தங்கம் 10,000 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் இதன் விலை 8,000 ரூபாய்க்குமேல். சென்னையிலிருந்து காரைக்குடிக்கு வந்தாலே 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லி மாறும்.

ஆகவே நகைத் தொழிலுக்கோ ஆய்வுக்கூடத்துக்கோ தராசு வாங்க நினைப்பவர் முதலில் கேட்கவேண்டியது, எந்தக் கம்பெனித் தராசு, எத்தனை தசமம் காட்டும் என்பதல்ல. என்னிடம் நம்பத்தகுந்த எடைக்கல் இருக்கிறதா என்பதுதான். நிறுக்கும் இடத்திலேயே, நிறுக்கும் மேசையிலேயே கல்லை வைத்துச் சரிசெய்யாத தராசு எவ்வளவு விலையானாலும் அது காட்டும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

பத்தர் பட்டறைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கிய பழைய இருதட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒரு தட்டில் பொன், மறுதட்டில் கல். ஈர்ப்பு குறைந்தால் இரண்டுக்கும் ஒன்றாகவே குறையும். முள் நடுவில்தான் நிற்கும். அது இரண்டு நிறைகளை ஒப்பிட்டது. மின்னணுத் தராசு தட்டில் விழும் விசையை அளந்து, அதைக் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. அந்த மாற்றத்துக்கு வேண்டிய எண்ணை அதற்குச் சொல்லிக்கொடுப்பது கல்.

இருதட்டுத் தராசுக்கு வேறு குறை உண்டு. கோலின் இரு புயங்களும் சமமாக இருக்கவேண்டும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீளம் மாறினாலும் 100 கிராமில் 10 மில்லி தவறும். இதற்கு கார்ல் ஃபிரெடரிக் காஸ் சொன்ன வழி எளியது: பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்து மறுபடி நிறுக்கவேண்டும். இரண்டு எடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் புயத்தின் பிழை முற்றிலும் நீங்கிவிடும். சிறிய வேறுபாடாக இருந்தால் இரண்டின் சராசரியே போதும். தட்டு மாற்றும்போது எடை மாறினால் கோல் சரியில்லை என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். கணக்குத் தெரியாதவரும் செய்துபார்க்கக்கூடிய இப்படியொரு சோதனை அளவியலில் அரிது.

இன்றைய தராசுக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலான மலிவுத் தராசுகளில் ஒரு சிறிய உலோகக் கட்டை. அதன்மேல் மெல்லிய மின்தடைக் கம்பி ஒட்டியிருக்கும். பாரம் ஏறினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், கம்பி நீளும், மின்தடை மாறும். இதைத்தான் கடைக்காரர்கள் 'லோட் செல்' என்கிறார்கள். உழைக்கும், விலை குறைவு. ஆனால் உலோகம் பாரத்தைத் தாங்கி நிற்கும்போது மெல்ல மெல்லத் தளரும். வெப்பம் மாறினாலும் எண் நகரும். காலையில் சுழியத்தில் இருந்த தராசு பிற்பகலில் சில மில்லி காட்டுவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

விலை கூடிய தராசுகளில் வேறு ஏற்பாடு. தட்டோடு இணைந்த கம்பிச்சுருள் ஒன்று நிலைக்காந்தத்துக்கு நடுவில் இருக்கும். தட்டு சற்றுத் தாழ்ந்ததும் ஓர் ஒளி உணரி அதைக் கண்டுகொள்ளும். சுருளில் மின்னோட்டம் கூடும். தட்டு பழைய இடத்துக்கே உயரும். எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதுதான் எடை. எதுவும் வளைந்து நிற்காததால் தளர்ச்சி மிகக் குறைவு. பிரையன் கிப்பிள் 1975-இல் முன்வைத்த தராசும் இந்த மின்காந்த விசையைத்தான் நம்புகிறது. அந்த வகைத் தராசுகளின் அளவீடுகள் பெரிதும் உதவியதால்தான் 2019 மே 20 முதல் கிலோகிராம் ஓர் உலோக உருளையை விட்டு, பிளாங்க் மாறிலியின்மேல் நிலைகொண்டது. அதுவரை இந்தியாவின் கிலோவுக்கு ஆதாரமாக இருந்தது டெல்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலுள்ள 57-ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளை.

இனித் தராசின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டைப் படிக்கவேண்டும். வாங்குபவர்களில் பலர் பார்க்காமல் விடுவது இதைத்தான். அதில் உச்ச எடை, குறைந்த எடை, பிறகு 'இ', 'டி' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். 'டி' என்பது திரையில் எண் தாவும் மிகச்சிறிய படி. 'இ' என்பது சட்டம் ஒப்புக்கொள்ளும் படி. நகைக்கடைத் தராசுகளில் 'டி' 1 மில்லிகிராமாகவும் 'இ' 10 மில்லிகிராமாகவும் இருப்பது வழக்கம். திரையில் மூன்று தசமம் தெரிகிறது என்பதற்காக மூன்றாவது தசமம் உண்மை என்று ஆகிவிடாது. பத்து நிமிடம் தாமதமாக ஓடும் கடிகாரத்திலும் நொடிமுள் இருக்கத்தான் செய்கிறது.

2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் 2011-இல் வந்த விதிகளும் தராசுகளை நான்கு வகுப்பாகப் பிரிக்கின்றன. தங்கம், வெள்ளி, முத்து, மணிக்கற்களை நிறுக்க முதல் இரண்டு வகுப்புகளில் ஒன்றுதான் இருக்கவேண்டும். மளிகைக்கடையில் இருக்கும் மூன்றாம் வகுப்புத் தராசில் நகை நிறுப்பது முறையல்ல. இரண்டாம் வகுப்பில், 'இ' 10 மில்லி என்றால், முத்திரையிடும்போது 50 கிராம் வரை 5 மில்லி முன்பின் இருக்கலாம். அதற்குமேல் 200 கிராம் வரை 10 மில்லி. அதற்கும் மேலே 15 மில்லி. பயன்பாட்டில் இருக்கும்போது சோதித்தால் இதைப்போல் இருமடங்கு வரை பொறுத்துக்கொள்வார்கள்.

பவுன் கணக்கில் வாங்கும் சங்கிலிக்கு இந்தப் பிழை பெரிதல்ல. ஆனால் 150 மில்லி மூக்குத்திக்கு 5 மில்லி என்பது நூற்றுக்கு மூன்றுக்கு மேல். செட்டிநாட்டு வீடுகளில் பெருமையோடு போட்டுக்கொள்ளும் ஏழு கல் வைரத்தோட்டுக்கு இன்னும் கடுமை தேவை. வைரம் கேரட்டில் போகிறது. ஒரு கேரட் 200 மில்லிகிராம், ஒரு சென்ட் 2 மில்லிகிராம். 5 மில்லி தவறினால் இரண்டரை சென்ட் தவறுகிறது. தங்கத்துக்கு வாங்கிய தராசிலேயே வைரக்கல்லையும் நிறுப்பது என் பார்வையில் தவறு. வைரத்துக்குத் தனித் தராசு வேண்டும்.

கழுத்திருவை எடுத்துக்கொண்டால் இன்னொரு கணக்கு வெளிவரும். நகரத்தார் திருமணத்தில் மணமகளுக்குத் திருப்பூட்டும் அந்த நகை ஒரே பொன்னால் ஆனதல்ல. உரு, ஏத்தனம் என்று முப்பதுக்கு மேற்பட்ட துண்டுகளைக் கோத்தது. கணக்குக்காக 35 துண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்து எழுதிக் கூட்டினால் என்ன ஆகும்?

ஒவ்வொரு நிறுவையிலும் ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் தெரியும் தற்செயல் பிழை 5 மில்லி என்றால், 35 முறையில் அது 35 மடங்காகாது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும். மொத்தத்தில் 35-இன் வர்க்கமூலமான ஏறத்தாழ 6 மடங்கு, அதாவது 30 மில்லி அளவில் நிற்கும். ஆனால் சுழியமே 3 மில்லி தள்ளி இருந்தால் அது அழியாது. 35 முறையும் ஒரே பக்கமாகச் சேர்ந்து 105 மில்லி ஆகிவிடும். இன்றைய விலையில் ஆயிரம் ரூபாய்க்குமேல். எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக வைத்து ஒரே முறை நிறுத்தால் அந்த 3 மில்லி 3 மில்லியாகவே இருக்கும். எனவே தனித்தனியாக நிறுத்து எழுதியபின் மொத்தமாகவும் ஒருமுறை நிறுத்து, இரண்டையும் ஒப்பிடுவது நல்ல பழக்கம். வேறுபாடு சுமார் 30 மில்லிக்குள் இருந்தால் கவலை இல்லை. அதைவிடப் பெரிதாக, ஒரே பக்கமாக இருந்தால் சுழியத்தைச் சந்தேகிக்கவேண்டும்.

ஹால்மார்க் முத்திரை பொன்னின் தூய்மைக்குச் சான்று. எடைக்குச் சான்று தராசுதான். அதனால்தான் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

எடைக்கல்லுக்கு வருவோம். நம் பொற்கொல்லர்கள் ஒரு காலத்தில் குன்றிமணியையே கல்லாக வைத்திருந்தார்கள். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதை ஏறத்தாழ 120 மில்லிகிராம். விதைக்கு விதை சற்று மாறும் என்பதால் நிறையச் சேர்த்து நிறுத்தார்கள். மேலே சொன்ன வர்க்கமூலக் கணக்கு அவர்கள் கையில் பழக்கமாக இருந்தது. பிறகு கம்பெனி ஆட்சி 1833-இல் ஒரு தோலாவை 180 கிரெயின் என்று நிலைப்படுத்தியது. வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். கொடுக்கல் வாங்கல் செய்த செட்டியார்கள் தலைமுறை தலைமுறையாக எண்ணிய ரூபாயின் எடை அதுதான்.

இந்தக் கிரெயின் இன்னும் உயிரோடு இருக்கும் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபடுபவர்கள் சுட்ட தோட்டாக் கூட்டில் மறுபடி மருந்து நிரப்பிக்கொள்கிறார்கள். அவர்கள் மருந்தைக் கிரெயினில் அளக்கிறார்கள். பத்தில் ஒரு கிரெயின், அதாவது 6.5 மில்லி வரை பார்க்கும் தராசு அவர்களுக்கு வேண்டும். அளவு கூடினால் கூட்டுக்குள் அழுத்தம் ஏறி ஆபத்து. தங்கம் நிறுப்பவருக்கும் அவர்களுக்கும் தேவை ஏறக்குறைய ஒன்றே என்பதால் அவர்கள் பட்டறிவிலிருந்து நமக்கும் ஒரு பாடம் கிடைக்கிறது.

அவர்கள் தட்டில் ஒரு கிண்ணியை வைத்துச் சுழியமாக்கி, மருந்தைத் துளித்துளியாகத் தூவுவார்கள். எண் அசையாது. இன்னும் தூவுவார்கள். அப்போதும் அசையாது. திடீரென்று தாவும். காரணம், பல மின்னணுத் தராசுகளில் சுழியத்தைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. சுழியத்துக்கு அருகே மெல்ல நகரும் எதையும் அது வெப்பத்தால் வந்த நகர்வு என்று எண்ணி அழித்துவிடும். தூவிய மருந்தின் முதல் சில மில்லி அப்படியே கணக்கில் வராமல் போகும். அரத்தூளைப் பொடியாகச் சேர்த்து நிறுக்கும் நம் பட்டறையிலும் இதே நிகழும். சேதாரக் கணக்கில் தலைவலி வரும் இடங்களில் இதுவும் ஒன்று. தப்பிக்க வழி எளிது: பொடியைத் தட்டுக்கு வெளியே கிண்ணியில் முழுவதும் சேர்த்து, ஒரே முறையில் வைக்கவேண்டும். கூடவே, கிண்ணியைத் தட்டிலிருந்து எடுத்தால் திரையில் அதன் எடை கழித்தல் குறியோடு தெரியும். அந்த எண் நாள் முழுவதும் மாறாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தால் போதும். மாறினால் சுழியம் நழுவியிருக்கிறது.

தராசு இருக்கும் அறையும் எடையில் பங்கு கொள்கிறது. மின்விசிறி ஓடும்போது மில்லிகிராம் எண் நிலைத்து நிற்காது. ஏசிக் காற்று நேராகத் தட்டில் விழுந்தாலும் அப்படித்தான். கண்ணாடிக் கூண்டு அலங்காரத்துக்கு இல்லை. பற்ற வைத்த சூடு ஆறாத நகையை வைத்தால் அதைச் சுற்றிய காற்று மேலெழுந்து நகையையும் சற்றுத் தூக்கும். எடை குறைந்து தெரியும். பிளாஸ்டிக் பையோடு வைத்தால் நிலைமின்சாரம் எண்ணை இழுக்கும். செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல் தரை உறுதியானது. மேசை ஆடினால் அதனால் பயன் இல்லை. தராசு ஒரு பாகை சாய்ந்திருந்தால் 100 கிராமில் 15 மில்லி குறையும். அதற்குத்தான் நீர்மட்டக் குமிழ். இயக்கியதும் நிறுக்காமல் அரை மணியாவது விட்டு, தராசு தன் வெப்பத்துக்கு வந்தபின் தொடங்கவேண்டும்.

இவற்றையெல்லாம் ஊரிலேயே மிகக் கண்டிப்பாகப் பார்க்கும் இடம் சிக்ரி. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்ச ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்வேதியியல் தராசோடு பிறந்த துறை. மைக்கேல் ஃபாரடே கண்ட விதிப்படி, பாயும் மின்சாரத்தின் அளவுக்கு ஏற்ப உலோகம் படிகிறது: ஒரு கூலும் மின்சாரத்துக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளி. 1908-இல் உலக நாடுகள் கூடி ஓர் ஆம்பியரை இந்த வெள்ளியின் எடையைக் கொண்டே வரையறுத்தன. அதாவது மின்சாரத்தை அளக்க உலகம் அன்று நம்பியது ஒரு தராசை.

கவரிங் நகையின் முலாமையும் இதே வழியில் அளக்கலாம். 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் கனத்துக்குத் தங்கம் படிந்தால் அதன் எடை 19 மில்லிகிராம். முலாமுக்கு முன்னும் பின்னும் நிறுத்தால் கனம் தெரிந்துவிடும். 10 மில்லி தாவும் தராசில் இதைச் செய்ய முடியாது. அரிமான ஆய்வும் இப்படியே. 100 சதுர சென்டிமீட்டர் இரும்பு ஒரு மைக்ரான் தேய்ந்தால் 79 மில்லி குறையும். பத்தில் ஒரு மில்லியைக் காட்டும் ஆய்வுத் தராசு இருந்தால் ஒரு மைக்ரானில் நூற்றில் ஒரு பங்குத் தேய்மானத்தைக்கூடக் கண்டுபிடிக்கலாம். கடற்காற்றில் மாதக்கணக்காக வைத்த தகடு எவ்வளவு தேய்ந்தது என்பது அங்கே ஓர் எடைக் கழித்தல்தான்.

ஆகவே செக்காலையில் சிறு பட்டறை வைப்பவர் கேட்டால் நான் சொல்வது இதுதான். முதல் செலவு எடைக்கல். கல்லிலும் தரவரிசை உண்டு. 100 கிராம் கல்லுக்கு எம்1 தரத்தில் 5 மில்லி வரை பிழை இருக்கலாம்; எஃப்2 தரத்தில் 1.6 மில்லி, எஃப்1 தரத்தில் அரை மில்லி. தராசுக்கு அனுமதித்த பிழையில் மூன்றில் ஒரு பங்குக்குள் கல்லின் பிழை இருக்கவேண்டும். 100 கிராமில் 10 மில்லி அனுமதி உள்ள தராசுக்கு எம்1 போதாது, எஃப்2 வேண்டும். முடிந்தால் எஃப்1. சான்றிதழோடு 100 கிராம், 10 கிராம், 1 கிராம், 200 மில்லி என்று நான்கு கற்கள். வெறுங்கையால் தொடக்கூடாது, விரலின் எண்ணெயும் வியர்வையும் கல்லின் எடையைக் கூட்டும். இடுக்கியும் பெட்டியும் கல்லோடு சேர்ந்தே வரும்.

பிறகு தராசு. மின்காந்த வகை, இரண்டாம் வகுப்பு, உச்சம் 300 கிராம். கடையில் பார்க்கும்போதே 100 கிராம் கல்லைப் பத்து முறை எடுத்து எடுத்து வைத்து எண்களை எழுதுங்கள். அவை எவ்வளவு சிதறுகின்றன என்பதுதான் அந்தத் தராசின் உண்மையான தரம். அதே கல்லைத் தட்டின் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். நடுவில் ஓர் எண்ணும் ஓரத்தில் வேறோர் எண்ணும் காட்டும் தராசை வாங்கவேண்டாம். முத்திரையிட்டபின் சரிசெய்யும் அமைப்பைப் பிரிக்கக்கூடாது; எண் விலகினால் பழுதுபார்க்க உரிமம் உள்ளவரை அழைத்து, மறுபடி முத்திரை பெறவேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு பார்க்கிறது. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் மறுமுத்திரை உண்டு.

முத்திரைக்கும் முத்திரைக்கும் இடையில் உள்ள நாட்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். கடை திறந்ததும் 100 கிராம் கல், 1 கிராம் கல் இரண்டையும் வைத்து, தேதியோடு இரண்டு எண்கள். வாடிக்கையாளர் கேட்டால் அந்தக் கல்லை அவர் கண்முன் வைத்துக்காட்டவும், நோட்டை எடுத்துக்கொடுக்கவும் தயங்கவேண்டியதில்லை.